சும்மா கிடந்த காடு

காற்றுக்கு வீடு வீடாகப் பேர் தெரிந்திருந்த ஒரு காலத்தில், கேட்டவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது நடந்தபடியே கிடந்த ஒரு ஊரில், பாவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஆறு ஏக்கர் காடு இருந்தது. அந்தக் காடு சும்மா கிடக்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் பேர் வேலங்காட்டுப் புதூர். அந்தப் பக்கத்தில் காடு என்றால் யானை நிற்கிற காடு இல்லை; மழைக்கு மானத்தைப் பார்த்துக் கிடக்கிற மேட்டு நிலம். அதிலும் பாவாத்தாளுடையது கொரங்காடு, அதாவது விதைப்பும் அறுப்பும் இல்லாமல் ஆடுமாடு மேயட்டும் என்று விட்டிருக்கிற காடு. சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், மற்றபடி மூலைக்கு மூலை கொழுக்கட்டைப் புல். ஒரு சாண் மண், அதற்குக் கீழே சுண்ணாம்பு மாதிரி வெளுத்த சுக்கான் கல். கடப்பாரை போட்டாலும் பொறி பறக்குமே தவிர உள்ளே இறங்காது. அந்த ஒரு சாணில்தான் புல்லும் மரமும் பாவாத்தாளின் இருபத்திரண்டு ஆடுகளும் ஒரு பசுவும் அவளும் உயிரோடு இருந்தார்கள்.

ஆனி பிறந்தால் மேற்கே கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டு வரும், ஆவணி முடிகிற வரைக்கும் நிற்காது, காயப்போட்ட சேலையைக் காய்கிற வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர்களிடம் பேச வேண்டுமென்றால் காதைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். ஆனால் கொரங்காட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் காற்று புல்லின் தலையைத் தடவிக்கொண்டு மேலோடு மேலாகப் போய்விடும். புல்லெல்லாம் கிழக்கே சாய்ந்து, சாய்ந்து, எழுந்து நிற்கும். அடியில், மண்ணை ஒட்டின இடத்தில், காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாமல் எறும்பு ஒன்று நொய்யைத் தூக்கிக்கொண்டு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மழை விழுந்து புல் தழைக்கிற சமயத்தில் காட்டை அடைத்துவிடுவார்கள். வேலிப் படலைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டால் விதை உதிர்கிற வரைக்கும் ஆடும் உள்ளே போகாது, ஆளும் போகக்கூடாது, காட்டுக்காரியும் போகக்கூடாது. அவ்வளவுதான் அந்தக் காட்டுக்கு உண்டான வேலை.

பாவாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயது. புருசன் நல்லப்பன் போய் எட்டு வருசம். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரனுக்கு வாக்கப்பட்டுப் போய், வாரத்துக்கு ஒரு தரம் போனில் வருவாள். விடிவதற்கு முன்னால் சாணி அள்ளி, பால் பீச்சி, டீக்கடைக்குக் கொண்டுபோய் ஊற்றி, ஆட்டை ஓட்டி, முள் வெட்டி, தண்ணீர் சுமந்து, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மிஷினில் ஒரு நாள் கவனப் பிசகாக வலது கை மோதிர விரலில் பாதியைக் கொடுத்து, அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்னாலேயே மறுபடியும் அதே மிஷினில் தட்டு வெட்டி, இப்படியே போன வருசங்களில் அவள் காலை நீட்டி உட்கார்ந்த நாளை விரல் விட்டு எண்ண வேண்டுமென்றால் அந்தப் பாதி விரலே போதும்.

சும்மா என்கிற சொல்லை முதலில் கொண்டுவந்தது யார் என்று தெரியாது. முருங்கை விதை விற்க வந்தவன் வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, இத்தனை காடும் சும்மாவா கெடக்குது?" என்றான். டீக்கடையில் நாலு பேர், "சும்மாதான கெடக்குது" என்றார்கள். மகள் போனில், "அம்மா, சும்மா கெடக்கறதுக்கு முருங்கையாச்சும் போடலாமில்ல" என்றாள். பாவாத்தாள் போனை வைத்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். ஆனால் தை மாதத்தில் ஒரு நாள், முழங்கால் வலியோடு தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே காடு வெயிலில் மஞ்சளாக மல்லாந்து கிடந்தது. ஒரு அசைவு இல்லை. ஒரு கவலை இல்லை. நான் ஒரு நாள் சும்மா இருந்ததில்லை, இது மட்டும் என்ன இப்படிச் சும்மா கிடக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டிராக்டர்க்காரச் சிவராசுவை மட்டும் வரச்சொன்னாள்.

சித்திரையில் சிவராசு வந்தான். டிராக்டர் நுழைய மேற்கு வேலியை வெட்டினார்கள். வெட்டின கிளுவை அடுப்புக்குப் போயிற்று. அடிக்கடி திருப்ப வேண்டாமே என்று அவன் மேற்கிலிருந்து கிழக்காக நீள நீளமாகச் சால் ஓட்டினான், காற்று வருகிற அதே தடத்தில். கலப்பைக் கொழு புரட்டிப் போட்ட மண்கட்டிகள் தலைகீழாகக் கிடந்தன. ஒவ்வொரு கட்டியின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக நூல் நூலாக வேர்கள், எதையோ விடமாட்டேன் என்று பிடித்திருந்த பிடியில் அப்படியே மேலே பார்த்து விரிந்து கிடந்தன. இரண்டாம் ஓட்டு ஓட்டினதும் அவையும் உதிர்ந்துபோயின. கீழ்க்கோடியில் ஒரு கிழட்டு வெள்வேல மரத்தடியில் மட்டும் டிராக்டர் திரும்ப முடியாமல், பாய் விரிக்கிற அளவுக்குப் புல்லு தப்பிப் பிழைத்தது. முருங்கை விதையைக் குத்திக் குத்தி ஊன்றினாள் பாவாத்தாள். ஆடுகளை ரோட்டோரத்தில் மேய்த்துச் சமாளித்தாள். மழை வரவில்லை. எறும்புகள் வந்து விதையைத் தின்றுவிட்டுப் போயின. வைகாசி போனது. ஆனி பிறந்தது. கணவாய் திறந்தது.

தூசியாகப் பறந்திருந்தால் யாரும் எதுவும் பேசியிருக்கப்போவதில்லை; காற்றுக்காலத்தில் எல்லாக் கஞ்சியிலும்தான் மண் விழும். அது தூசியாகப் போகவில்லை. கைப்பிடி கைப்பிடியாகப் போயிற்று.

முதல் கைப்பிடி காட்டுக்குக் கிழக்கே முதல் வீடான மருதாத்தாள் வீட்டு வாசற்படியில் விழுந்திருந்தது. மருதாத்தாள் பாவாத்தாளுக்குப் பதினைந்து வருசம் மூத்தவள், வாயாடி. விடிந்ததும் ஒரு முறத்தைக் குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு பாவாத்தாள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏம்புள்ளே பாவாத்தா! வெளிய வா. வந்து உன்ற கையக் காட்டு."

பாவாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள். "என்னுங்க்கா?"

"என்ன நொன்னுங்க்கா. என்ற வாசப்படியில மண்ண வாரித் தூத்திப்போட்டு வந்திருக்கறயே, உன்ற ஆட்ட நான் என்ன அடிச்சா தின்னேன்?"

அந்த ஊரில் ஒருத்தி இன்னொருத்தியின் வாசலில் மண்ணை வாரித் தூற்றினால் அதற்கு மேல் சொல்ல ஒரு சொல்லும் இல்லை என்று அர்த்தம். உன் குடி மண்ணாகப் போகட்டும் என்கிற சாபம் அது. பாவாத்தாள் முறத்தைப் பார்த்தாள். சிவந்த மண், ஒரு பிடி. அழுத்திப் பிடித்து வைத்த மாதிரி. மேலே விரல் பதிந்த தடம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், அதற்குப் பக்கத்தில் பாதி, அப்புறம் சுண்டுவிரல்.

"நானெங்கக்கா தூத்தப் போறேன். சோறு பெசையறதுக்கே எனக்குக் கை எந்திரிக்க மாட்டீங்குது."

"அப்ப இந்த அரை விரலு ஆருது? ஊருக்குள்ள வேற ஆருக்கு இருக்குது அரை விரலு?"

பாவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். தைத்த ரவிக்கை மாதிரி சரியாகப் பொருந்தியது. இரண்டு பேரும் அந்தத் தடத்தையே குனிந்து பார்த்தார்கள். பிறகு மருதாத்தாள் குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்:

"அந்தச் சாவல் நாயத்துக்கா புள்ளே தூத்துன?"

"எந்தச் சாவல்?"

"பன்னண்டு வருசத்துக்கு முந்தி உன்ற செஞ்சாவல் காணாமப் போச்சே. ஒறம்பரைச் சனம் வந்துட்டாங்க புள்ளே. எங்கூட்ல ஒரு கோழியில்ல."

"நரி புடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனே."

"நரிக்கு அத்தன பக்குவமா மொளகு அரைக்கத் தெரியுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரித்து, சிரிப்பு பாதியில் நின்று, மருதாத்தாள் முறத்தோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் ஏழு வீட்டில் விழுந்தது. அதற்கு மறுநாள் பத்தொன்பது. ஆடி பிறப்பதற்குள் கீழ்த்தெரு முழுக்க ஒரு வாசற்படி பாக்கியில்லை. சீமாறு போட்டுக் கூட்டித் தள்ளினால் மறுநாள் இரண்டு பிடி கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மூன்று. அப்படியே விட்டால் ஒன்று. ஆகவே அப்படியே விடப் பழகிக்கொண்டார்கள். வாசல் தெளிக்கிறவர்கள் அதைச் சுற்றித் தெளித்தார்கள், கோலம் போடுகிறவர்கள் அதை நடுப்புள்ளியாக வைத்துப் போட்டார்கள், ஏறி இறங்குகிறவர்கள் தாண்டி ஏறித் தாண்டி இறங்கினார்கள். டவுன் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் சாப்பிட்டாச்சா என்று கேட்ட காலம் போய், "இன்னிக்கு மண்ணு விழுந்துதா?" என்று கேட்டுக்கொள்கிற காலம் வந்தது.

அதை விடச் சிரமம், ஒவ்வொருவரும் தான் பாவாத்தாளுக்கு என்ன செய்தோம் என்று ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டியிருந்ததுதான். உட்கார்ந்து யோசித்தால் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்தது. பிடி மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு ஒவ்வொருவராகக் காட்டுக்கு வந்தார்கள். டீக்கடைக் குருநாதன் வந்து, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நாலு வருசத்துக்கு முந்தி உங்க பால்ல தண்ணி இருக்குதுன்னு கடையில வெச்சு நாலு பேரு முன்னால சொன்னனில்லீங்?"

"சொன்னயா?"

"அந்தத் தண்ணி நான் ஊத்துனதுங்க்கா."

"செரி, போச்சாது உடு," என்றாள் பாவாத்தாள்.

மேல்தெருவில் ரைஸ்மில்காரர் வீட்டுக் கனகமணி மட்டும் வேறு மாதிரி வந்தாள். முகமெல்லாம் கோபம்.

"ஏனுங், ஊருக்கெல்லாம் விழுகுது, எங்கூட்டுக்கு மட்டும் விழுகறதில்லயே, நாங்கெல்லாம் மனுசராத் தெரியலீங்களா உங்களுக்கு?"

"நீங்க எனக்கு ஒண்ணுஞ் செய்யலீங்களே அம்மிணி."

"செய்யாம என்ன? உங்கூட்டுக்காரர் தவறுனப்ப நான் துக்கத்துக்கே வரல. தலவலின்னு சொல்லிப்போட்டு டிவி பாத்துட்டுக் கெடந்தேன். அது போதாதுங்களா?"

"போதும் போதும்," என்றாள் பாவாத்தாள். மறுநாள் காலையில் கனகமணி வீட்டு வாசலிலும் ஒரு பிடி விழுந்திருந்தது. அவள் அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

எல்லாருக்கும் பாவாத்தாள் வாயிலிருந்து ஒரு சொல் வேண்டியிருந்தது, அவள் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தாள். போச்சாது உடு, போயிட்டுப் போகுது, நான் அன்னைக்கே மறந்துட்டேன். சொல்லிச் சொல்லி வாய் வறண்டது. அவளுக்கு யார்மேலும் ஆங்காரம் இல்லை. ஆங்காரப்படத் தெம்பு வேண்டும். அவள் கவலை வேறு. பொழுது சாய்கிற நேரத்தில் தினமும் காட்டின் நடுவில் குந்தி, விரலை மண்ணில் ஊன்றி, சுக்கான் கல் எங்கே தட்டுப்படுகிறது என்று பார்ப்பாள். ஆனியில் ஒரு சாண் இருந்தது. ஆடி ஒன்றுக்கு எட்டு விரற்கடை. ஆடிப்பதினெட்டுக்கு ஐந்து. ஆவணி முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, காற்று எத்தனை பிடி அள்ளும், கல் வெளியே தெரிந்த அன்றைக்கு ஆடுகளை எங்கே கொண்டுபோவது, தான் எங்கே போவது. அந்தக் கல்லில் புல்லும் வராது, பூண்டும் வராது. அவள் மன்னிக்க மன்னிக்க மண் போய்க்கொண்டே இருந்தது.

ஆடிப்பதினெட்டு கழிந்த மறுநாள் மருதாத்தாள் மறுபடியும் வந்தாள், அதே முறத்தோடு. வாசலில் நாற்பது நாளாக விழுந்ததை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

"இந்தா, உன்ற மண்ணு. சாவலத்தான் திருப்பிக் குடுக்க முடியாது, இதையாச்சும் வாங்கிக்க."

உழவுச் சாலில் கொட்டினாள். கொட்டின வேகத்திலேயே காற்று அதை வாரிக்கொண்டு கிழக்கே போயிற்று. "அட நாசமாப் போன காத்தே!" என்று மருதாத்தாள் முறத்தை விசிறினாள். முறத்து மூலையில் ஒட்டியிருந்த கடைசிப் பிடி தெறித்து, கீழ்க்கோடி வெள்வேல மரத்தடிப் புல்லுக்குள் போய் விழுந்தது.

விழுந்தது, அங்கேயே கிடந்தது.

பாவாத்தாள் நடந்துபோய்ப் பார்த்தாள். ஆனியிலிருந்து அந்தப் பக்கம் அவள் போகவேயில்லை. தப்பின அந்தப் பாயகலப் புல்லு காற்றில் சாய்ந்து எழுந்து சாய்ந்து எழுந்து நின்றது. அதன் காலடியில் மண் குறையவில்லை, கூடியிருந்தது. காடு முழுக்கப் பள்ளமாகப் போன இடத்தில் அந்த ஒரு இடம் மட்டும் திட்டாக மேடேறியிருந்தது. குந்தி உட்கார்ந்து புல்லை விலக்கினாள். உள்ளே காற்றே இல்லை. ஒரு எறும்பு, வாயில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு, அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்புள்ளே, எதையாச்சும் தொலச்சுப்போட்டயா?" என்றாள் மருதாத்தாள் பின்னாலிருந்து.

"ஆமாங்க்கா," என்றாள் பாவாத்தாள்.

மறுநாள் டீக்கடையில் பாலை ஊற்றிவிட்டு, அவள் அந்த ஊரில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் வாய்திறந்து கேட்டாள். "எனக்குச் சமாதானஞ் சொல்ல ஆரும் வர வேண்டாம். விழுகற மண்ணக் கையில அள்ளிட்டு வாங்க. வாரப்ப சும்மா வராதீங்க. முள்ளு, தட்டு, தாளு, ஓலை, எது கெடந்தாலும் கொண்டாங்க. மண்ண மூடறதுக்கு ஒரு துணி வேணும். அவ்வளவுதான்."

"அப்பறம் மண்ணு விழுகாதுங்களா?" என்றான் குருநாதன்.

"அது எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு முழங்காலு வலிக்குது, வந்தாப் போதும்."

வந்தார்கள். வேண்டுதலுக்குப் போகிற மாதிரி, ஒரு கையில் பிடி மண்ணும் மறு கையில் சோளத்தட்டும் சீமைக் கருவேல முள்ளுமாக, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். வடக்கே தெற்கே நீளமாக, காற்றுக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு முள்வரிசை போட்டு, அதன் மறைவில் மண்ணைக் கொட்டி, மேலே தட்டைப் பரப்பி, தட்டு பறக்காமல் கல்லை வைத்தார்கள். கொட்டின பிடி அங்கேயே நின்றது. மறுநாள் பார்த்தால், கொட்டாத மண்ணும் கொஞ்சம் வந்து முள்ளுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது, களைத்துப்போனவர்கள் மரநிழலில் ஒதுங்குகிற மாதிரி. மருதாத்தாள் தன் கொரங்காட்டைத் திறந்து, "உன்ற ஆட்ட இதுக்குள்ள உட்டுக்க, எதுக்கும் சாவலப் பத்தி மட்டும் ஊருக்குள்ள பேசாத" என்றாள். ஆனால் அதை அவளே எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

சிவராசு ஒருவன்தான் வராமல் இருந்தான். அவனுக்கு வாசலில் விழவில்லை. டிராக்டர் சீட்டில் விழுந்தது. வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும், பக்கத்து ஊரில் நிறுத்தினாலும், தார்ப்பாய் போட்டு மூடினாலும், காலையில் சீட்டின்மேல் ஒரு பிடி, அரை விரல் தடத்தோடு. முதலில் அதன்மேலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். பிறகு நின்றுகொண்டே ஓட்டினான். ஆவணி பிறந்த மூன்றாம் நாள் டிப்பர் நிறைய முள் ஏற்றிக்கொண்டு வந்து, இறங்காமல் மேலேயே நின்றான்.

"அக்கா, எனக்கு எதுக்குங்க்கா விழுகுது? நீங்க கூப்புட்டீங்க, ஓட்டுனேன். நீங்கதான ஓட்டச் சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன்."

"அப்பறம்?"

பாவாத்தாள் யோசித்தாள். "குறுக்க ஓட்டியிருக்கலாமில்ல கண்ணு. காத்துக்குக் குறுக்க."

சிவராசு தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நெட்டுக்க ஓட்டுனா வெரசா முடிஞ்சுரும்ங்க. அன்னைக்குச் சாயந்தரம் மச்சானூட்டு நோம்பிக்குப் போகோணும்."

"பாத்தயா," என்றாள் பாவாத்தாள். "எனக்கும் அன்னைக்கு வெரசா முடியோணும்னுதான் இருந்துச்சு." அவன் இறங்கி, சாயங்காலம் வரை முள் பரப்பிவிட்டு, சீட்டிலிருந்த பிடியைக் கடைசியாக எடுத்துவந்து கொட்டினான். போகும்போது உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனான்.

ஆவணி நடுவில் விழுகிற பிடிகள் சிறுத்தன. விரல் தடம் மங்கிற்று. கடைசியாகக் கனகமணி வீட்டில் ஒரு சிட்டிகை விழுந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஊர் கொஞ்ச நாள் காலையில் எழுந்து வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. காடு மூன்று விரற்கடையில் நின்றிருந்தது. கல் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் தங்கள் வேலியோரத்தில் உருவிய கொழுக்கட்டைப் புல் விதையை மடியில் கட்டிக்கொண்டு வந்து தட்டுக்கு அடியில் தூவினார்கள். ஆடு ரெண்டு நாள் அங்கேயே பட்டி கிடந்து புழுக்கை போட்டது. புரட்டாசியில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள், முள்வரிசைக்குப் பின்னால், குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை முளைத்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காட்டை அடைத்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பாவாத்தாள் கதவைத் திறந்தால் அவள் வாசற்படியில் ஒரு பிடி மண் இருந்தது.

அவள் வீடு காட்டுக்கு மேற்கே. காற்று அந்தப் பக்கமாகத் திரும்பி வீசின நாளே அந்த வருசத்தில் இல்லை. போதாததற்குக் காற்றுக்காலமும் முடிந்துபோயிருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அரை விரல் தடம் இல்லை. விரல் தடமே இல்லை. ஒரு இடத்தில் ஆரம்பித்து, நூல் நூலாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடியும் பிரிந்து, பிடி முழுக்க மெல்லிய கோடுகள் ஓடியிருந்தன. பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. சித்திரையில் டிராக்டர் புரட்டிப்போட்ட கட்டிகளின் அடியில் பார்த்த வேரின் கோடுகள். அது எத்தனை விரல் உள்ள கை என்று எண்ணிப் பார்த்தாள், எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது, நடுவில் விட்டுவிட்டாள்.

அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காட்டுக்குப் போனாள். படலைக் கட்ட வந்திருந்த ஊர்க்காரர்கள் அவள் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், வழியை விட்டார்கள். யாருக்கும் ஆச்சரியமில்லை, எல்லாருக்கும் விழுந்திருக்கிறது, அவளுக்கும் விழுந்திருக்கிறது. வேலியில் வெட்டின இடத்தில் புதுக் கிளுவைக் குச்சி நட்டு முடித்திருந்தார்கள். முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சிவராசு போனான். கனகமணி போனாள். குருநாதன் கடையைத் திறக்க வேண்டும் என்று ஓடினான். மருதாத்தாள் மட்டும் படலோரம் நின்றாள்.

"ஏம்புள்ளே, வாரயா இல்லயா?"

"நீங்க போங்கக்கா. எனக்கு ஒரு நாயம் பாக்கியிருக்குது."

"உன்ற நாயமெல்லாம் நாந்தான கேக்கோணும்?"

"இது உங்க சாவலக் காட்டிலும் பெருசுங்க்கா."

மருதாத்தாள் கிழக்கே பார்த்து நடந்தாள்.

பாவாத்தாள் வெள்வேல மரத்தடிக்கு வந்து, புல்லை விலக்கி, பிடியை உள்ளே வைத்தாள். இத்தனை நாளும் எல்லாரும் அவளிடம் வந்து சொல்லக் கேட்டிருக்கிறாள். அவள் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள்.

"நீ சும்மா கெடக்கறயேன்னு எனக்குப் பொறுக்கல," என்றாள் கடைசியில். "அதுதான். வேற ஒண்ணுமில்ல."

புல்லு சாய்ந்தது, எழுந்தது.

எழுந்து வருகிற வழியில் ஒரு தட்டு கோணலாகக் கிடந்தது. நிமிர்த்தி வைக்கக் கை போயிற்று. ஒரு முள் கொஞ்சம் விலகியிருந்தது. தள்ளிவிடக் கால் போயிற்று. முளைத்த பச்சைக்கு நடுவில் ஒரு களைச்செடி, பிடுங்கு பிடுங்கு என்றது. அவள் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், முளைத்ததை மிதிக்காமல் ஓர் ஓரமாக நடந்து வெளியே வந்தாள். படலைச் சாத்தினாள். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கெட," என்றாள். "சும்மா கெட."

நாலு எட்டு வைத்தபின் சேலைக் கரையில் ஏதோ குத்திற்று. குனிந்து பார்த்தால் கொழுக்கட்டைப் புல் விதை இரண்டு, மரத்தடியில் ஒட்டிக்கொண்டு வந்தவை. திரும்பி வந்து, அவற்றைப் பிய்த்து, வேலிக்கு மேலே உள்ளே போட்டாள். அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றும் இல்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. வெறும் கையை வீசிக்கொண்டு, முழங்கால் வலிக்குத் தகுந்த மெதுவில், வீட்டைப் பார்த்து நடந்துபோனாள்.